கவாத்துக் கத்தியும் கடவுளும்

பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிராமங்களில் வீட்டுக் கொல்லைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். போன செப்டம்பரில் பழம் பழமாகக் கொட்டிய திராட்சைக் கொடி, கம்பியின் மேல் மொட்டைக் கிளையாக நிற்கும். அடியில் வெட்டிப் போட்டவை இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கும். வெட்டியவர் கொடிக்கு எதிரி அல்ல. அதை நட்டு, தண்ணீர் ஊற்றி, இருபது வருடமாக வளர்த்தவர். ஒரு வருட வளர்ச்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தன் கையாலேயே கழித்துத் தள்ளியிருக்கிறார். இந்த வெட்டுக்குப் பெயர்தான் கவாத்து. கொஞ்சம் தாமதித்து மார்ச்சில் வெட்டினால், வெட்டுவாய் ஒவ்வொன்றிலிருந்தும் தெளிந்த நீர் சொட்டத் தொடங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போவார்கள். அதனால் கொடிக்கு ஒரு கெடுதலும் வராது என்று அனுபவசாலிகள் வருடா வருடம் சொல்லித் தேற்றுகிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு ‘பைபிள் பெல்ட்’ என்று பெயர். தெருவுக்குத் தெரு பாப்டிஸ்ட் சபையோ மெத்தடிஸ்ட் சபையோ இருக்கும். பிரசங்க மேடைகளில் அடிக்கடி எடுக்கப்படும் பகுதிகளில் ஒன்று யோவான் சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரம். அங்கே இயேசு தன்னைத் திராட்சைச் செடி என்கிறார். சீடர்களைக் கொடிகள் என்கிறார். தந்தையாகிய கடவுளைத் தோட்டக்காரர் என்கிறார். கனி கொடுக்காத கொடியைத் தோட்டக்காரர் அறுத்துப்போடுகிறார். அது புரிகிறது. கனி கொடுக்கிற கொடியும் தப்புவதில்லை. இன்னும் அதிகமாகக் கனி கொடுக்கும்படி அதன்மீதும் கத்தி விழுகிறது. அங்கேதான் இடறுகிறது.

அந்த இரண்டாவது பாதி மேடையிலிருந்து இறங்கி மருத்துவமனைக்கும் சாவு வீட்டுக்கும் போய்விடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம், வேலை பறிபோனவரிடம், புற்றுநோய் என்று தெரிந்து உறைந்து உட்கார்ந்திருப்பவரிடம், “ஆண்டவர் உங்களைக் கவாத்து செய்கிறார்” என்று யாராவது சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையா? மனிதத் துன்பம் ஒரு கவாத்துதானா? இதற்குக் கொல்லையில் நிற்கிற கொடியிடமிருந்தே பாதிப் பதிலைப் பெறலாம்.

அந்தக் கொடி மஸ்கடைன். பெயரைக் கேட்டதும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஞாபகம் வரலாம். பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், ஐரோப்பியத் திராட்சை இனத்தைச் சேர்ந்தது. மஸ்கடைன் ஒன்றுவிட்ட உறவு மட்டுமே. ஐரோப்பியத் திராட்சைக்கு 38 குரோமோசோம்கள், இதற்கு 40. இதன் பற்றுக்கம்பி இரண்டாகப் பிரியாது, பட்டை நாராக உரியாது. பழங்கள் பெரிய குலையாகத் தொங்குவதில்லை. சிறு சிறு கொத்தாகக் காய்த்து, பழுக்கப் பழுக்க ஒவ்வொன்றாக உதிரும். தோல் தடிப்பு. காம்பு இருந்த பக்கத்தை வாயில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் சதை வழுக்கி நாக்கில் விழும். தோலையும் விதையையும் துப்பிவிடலாம். தென்மாநிலத்துக் குழந்தைகள் இப்படித்தான் தின்று பழகுகிறார்கள்.

டெலவேர் முதல் புளோரிடா வரை, மேற்கே டெக்சாஸ் வரை இது காட்டில் தானாக வளரும். 1524-இல் அந்தக் கடற்கரைக்கு வந்த இத்தாலிய மாலுமி வெர்ரசானோ அங்கே கொடிகள் இயற்கையாகவே மண்டிக் கிடந்ததைக் குறித்து வைத்தார். வெண்கல நிறப் பழம் தரும் வகைக்கு, அங்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயரால் ஸ்கப்பர்னாங் என்று பெயர். 2001-இல் வட கரோலினா அதைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அந்த மாநிலத்தின் ரோனோக் தீவில் ‘தாய்க் கொடி’ என்று ஒன்று இன்றும் இருக்கிறது. அதற்கு 400 வயது என்பது ஊரார் நம்பிக்கை.

வீட்டில் வளர்ப்பது சிரமமான காரியம் அல்ல. நல்ல வெயில், நீர் தேங்காத மண், லேசான அமிலத்தன்மை போதும். செடிக்குச் செடி இருபது அடி இடைவெளி விடுவார்கள். சுமார் ஐந்தடி உயரத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒற்றைக் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். முதல் வருடம் ஒரே ஒரு தண்டை மட்டும் மேலே ஏறவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவார்கள். அது கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கிளை பிரியும். அந்த இரண்டும் கம்பியோடு படர்ந்து கொடியின் நிரந்தர உடலாகிவிடும். இளங்கொடியில் பூ வந்தாலும் பிடித்து வைக்க ஆசைப்படக் கூடாது. வேர் பலப்பட வேண்டும். மூன்றாம் வருடம்தான் பெயர் சொல்லும்படி முதல் காய்ப்பு. இந்தப் பொறுமைக்குப் பழைய ஏற்பாட்டிலேயே சட்டம் இருக்கிறது: நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருடம் தின்னக் கூடாது, நாலாம் வருடப் பழம் கடவுளுக்கு, ஐந்தாம் வருடம்தான் வீட்டுக்கு என்கிறது லேவியராகமம்.

கவாத்துக்கு வருவோம். திராட்சையில் முற்றிய பழைய கிளை காய்க்காது. போன வருடம் விட்ட கிளையின் கணுவிலிருந்து இந்த வருடம் புறப்படும் புதுத் தளிரில்தான் பூவும் காயும். ஆகவே போன வருடக் கிளை முழுவதையும் விட்டுவைத்தால் நூற்றுக்கணக்கான தளிர்கள் புறப்பட்டு ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். வெயில் உள்ளே இறங்காது, ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும், பழம் சிறுக்கும். முழுவதையும் வெட்டினாலோ காய்க்கக் கணுவே மிஞ்சாது. எனவே போன வருடக் கிளை ஒவ்வொன்றையும் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நாலு கணு மட்டும் விட்டு நறுக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை, கட்டை தட்டிப்போன பழைய முடிச்சுகளையும் கழிக்க வேண்டும். கத்தரி தொடாமல் நாலு வருடம் விட்டுவைத்த கொல்லைக் கொடியைப் பார்த்தவர்களுக்கு யோவான் 15-க்கு விளக்கவுரையே தேவைப்படாது.

இதுவரை பிரசங்கியாரும் தோட்டக்காரரும் ஒரே பக்கம்தான்.

ஆனால் அதே கொடியைக் காட்டில் போய்ப் பாருங்கள். யாரும் கத்தரி எடுத்துக்கொண்டு அங்கே போவதில்லை. பைன் மரங்களையும் ஓக் மரங்களையும் பற்றி உச்சிவரை ஏறி, வெயில் கிடைக்கிற இடத்தில் பூத்துக் காய்க்கிறது. பழம் சின்னது, எட்டாத உயரம். பறவைக்கும் ரக்கூனுக்கும் ஒப்போசத்துக்கும் அது தாராளம். அவை தின்று விதையைப் பரப்புகின்றன. அடுத்த தலைமுறைக் கொடி முளைக்கிறது. கொடியின் சொந்தக் காரியம் கவாத்து இல்லாமலே ஆயிரக்கணக்கான வருடங்களாக நடந்து வந்திருக்கிறது. அப்படியானால் கவாத்து யாருடைய தேவை? தோட்டக்காரருடையது. கைக்கெட்டும் உயரத்தில், பெரிதாக, நிறையப் பழம் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இதை ஒப்புக்கொண்டால் உவமையின் எடை இடம் மாறுகிறது. “உன் நன்மைக்காகத்தான் உன்னை வெட்டுகிறார்” என்ற வழக்கமான ஆறுதல் அப்படியே நிற்காது. கொடியின் நன்மைக்காக அல்ல, கனிக்காக வெட்டுகிறார் என்பதே சரி. யோவானின் அதிகாரத்திலும் கனி கொடிக்குச் சொந்தமானதாகச் சொல்லப்படவில்லை. அந்தப் பேச்சு போய்ச் சேருகிற கட்டளை ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது. அதாவது கனி அடுத்தவருக்கு. ஆக, எந்த வெட்டைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: கத்தி யார் கையில்? கனி யார் வீட்டுக்கு?

காய்க்காத கொடி பற்றியும் மஸ்கடைன் ஒரு சங்கடத்தைக் கிளப்புகிறது. காட்டு மஸ்கடைனில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடி பூக்கும், ஒருநாளும் காய்க்காது. கனி இல்லையே என்று அதை வேரோடு வெட்டிப் போட்டால், சுற்று வட்டாரத்தில் வேறு மகரந்தம் இல்லாத பட்சத்தில் பெண் கொடியும் மலடாகிவிடும். இன்றும் ஃப்ரை, சுப்ரீம் போன்ற பெண் ரகங்களை நடுபவர்கள் பக்கத்திலேயே, ஐம்பது அடிக்குள், கார்லோஸ் அல்லது நோபிள் மாதிரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ரகம் ஒன்றையும் நடுகிறார்கள். எது பயனற்றது என்று ஒரு கொடியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. தோட்டம் முழுவதையும் அறிந்தவருக்கே அந்த உரிமை. சபைகளில் ‘கனியற்றவர்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

எது நல்ல கொடி என்பதிலும் மனிதர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஏசாயா தீர்க்கதரிசியின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு தோட்டக்காரர் கல் பொறுக்கி, வேலி போட்டு, காவல் கோபுரம் கட்டி, உயர்ந்த ரகக் கொடியை நடுகிறார், கிடைப்பதோ காட்டுப்பழம். ஏமாற்றத்தின் சின்னமாக அங்கே வருவது காட்டுத் திராட்சை. அமெரிக்காவில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் வர்ஜீனியாவில் தன் மாண்டிசெல்லோ பண்ணையில் 1770-களிலிருந்தே ஐரோப்பியத் திராட்சைக்கு முயன்றார். 1807-இல் மட்டும் 24 ஐரோப்பிய ரகங்களை நட்டார். நோயும் பூச்சியும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1826-இல் அவர் இறக்கும்வரை தன் தோட்டத்துத் திராட்சையில் ஒயின் குடிக்கும் ஆசை நிறைவேறவே இல்லை. உயர்சாதிக் கொடிகளைக் கொன்ற வேர்ப்பேனையும் பியர்ஸ் நோயையும் தாங்கி, தெற்கே சற்றுத் தூரத்தில் காட்டு மஸ்கடைன் செழித்துக்கொண்டிருந்தது. ஸ்கப்பர்னாங் ஒயினைச் சுவைத்த ஜெபர்சன், அது ஐரோப்பாவின் மிகச் சிறந்த விருந்து மேசைகளிலும் தனித்து நிற்கும் என்ற பொருளில் பாராட்டி எழுதினார். மாண்டிசெல்லோவின் நிலத்தை உழுதவர்கள் அடிமைகள் என்பதையும் இங்கே மறக்கக் கூடாது.

அடிமைகளைச் சொன்னதும், கத்தி யார் கையில் என்ற கேள்விக்கு நேரே வந்து விழும் சிறுகதை ஒன்று உண்டு. எழுதியவர் சார்லஸ் செஸ்னட். 1858-இல் பிறந்த கறுப்பின எழுத்தாளர். வட கரோலினாவின் ஃபேயட்வில்லில் வளர்ந்து ஆசிரியராக வேலை பார்த்தவர். ‘சூனியம் வைத்த திராட்சைக் கொடி’ என்று பொருள்படும் தலைப்பில் அந்தக் கதை 1887-இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் வந்தது.

கதை இதுதான். பண்ணை முதலாளி ஒருவரின் ஸ்கப்பர்னாங் தோட்டத்தில் அடிமைகள் இரவில் பழம் பறித்துத் தின்கிறார்கள். மந்திரக்காரக் கிழவியை வைத்து அவர் தோட்டத்துக்குச் சூனியம் வைக்கிறார். இனி தின்பவர் ஒரு வருடத்துக்குள் சாவார். விஷயம் தெரியாமல் புதிதாக வந்த வழுக்கைத்தலைக் கிழவர் ஹென்றி தின்றுவிடுகிறார். கிழவியிடம் ஓடுகிறார்கள். வசந்தத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது வெட்டுவாயில் கசியும் நீரை எடுத்துத் தலையில் தேய்க்கச் சொல்கிறாள் அவள். ஹென்றி தேய்க்கிறார். கொடி தளிர்க்கும்போது அவருக்கும் முடி முளைக்கிறது, மூட்டுவலி போகிறது, வாலிபம் திரும்புகிறது. இலையுதிர் காலத்தில் கொடியோடு சேர்ந்து அவரும் வாடுகிறார். முதலாளி இதைக் கவனிக்கிறார். வசந்தத்தில் திடகாத்திரமாக நிற்கும் ஹென்றியை 1,500 டாலருக்கு விற்கிறார். வாடியதும், “பாவம், நானே வைத்துக்கொள்கிறேன்” என்கிற பாவனையில் 500 டாலருக்குத் திரும்ப வாங்குகிறார். வருடா வருடம் இதே வியாபாரம். கடைசியில் வெளியூர்க்காரன் ஒருவன் விளைச்சலைப் பெருக்கித் தருகிறேன் என்று ஆசை காட்ட, அவன் பேச்சைக் கேட்டு வேரைத் தோண்டி ஏதேதோ போடுகிறார். கொடி ஒருமுறை வெறித்தனமாகத் தழைத்து, பிறகு பட்டுப்போகிறது. ஹென்றியும் இறந்துபோகிறார்.

யோவான் 15-இன் உருவகம், மனிதனே கொடி என்பது, இந்தக் கதையில் எழுத்துக்கு எழுத்து பலிக்கிறது. வெட்டுவாயில் வடியும் நீர்கூட அப்படியே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: தோட்டக்காரர் கடவுள் அல்ல, ஓர் ஆள்விற்பவர். செஸ்னட் மதத்தைத் தாக்கி எழுதவில்லை. சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதினார். ஆனால் அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலையும் பொறுமையையும் ஞாயிறுதோறும் உபதேசித்த ஒரு நாட்டில், கொடியின் ஏற்ற இறக்கத்தில் லாபம் பார்ப்பவர் யார் என்று அவர் விரல் நீட்டிக் காட்டிவிட்டார். பிற்காலத்தில் டெலோரிஸ் வில்லியம்ஸ் போன்ற கறுப்பினப் பெண் இறையியலாளர்கள் இதையே நேரடியாகக் கேட்டார்கள். துன்பம் புனிதமாக்கும் என்று ஒடுக்கப்பட்ட பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது, அவள் முதுகில் ஏறி நிற்பவருக்கு வசதி செய்து கொடுப்பதாகாதா என்பது 1993-இல் வெளிவந்த வில்லியம்ஸின் புத்தகம் எழுப்பும் கேள்விகளில் ஒன்று.

அதே வட கரோலினாவில் நம் காலத்து உதாரணம் ஒன்று. டர்ஹாம் நகரத்தின் டியூக் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் கிறிஸ்தவ வரலாறு கற்பிப்பவர் கேட் போலர். விசுவாசித்தால் பணமும் ஆரோக்கியமும் வரும் என்கிற ‘செழிப்பு உபதேச’த்தின் வரலாற்றை ஆராய்ந்து 2013-இல் புத்தகம் எழுதியவர். 2015-இல், 35 வயதில், கையில் சின்னப் பிள்ளையோடு இருந்தபோது, அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் நாலாம் கட்டத்தில் இருப்பது தெரிந்தது. அடுத்த வருடம் ‘நியூயார்க் டைம்ஸ்’ கட்டுரையில் ஒரு சம்பவத்தை எழுதினார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று அவர் கணவரிடம் சொல்கிறார். கணவர் அமைதியாக, அந்தக் காரணத்தைக் கேட்க எனக்கும் ஆசைதான் என்கிறார். வந்தவருக்குப் புரியவில்லை. என் மனைவி சாகப்போவதற்கான காரணத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறார் இவர். அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற வாக்கியத்தையே 2018-இல் தன் அடுத்த புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்த போலர், துணைத்தலைப்பில் அதைத் தான் நேசித்த பொய்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அவர் நாத்திகராகவில்லை. இன்றும் விசுவாசிதான்.

பக்கத்து வீட்டுப் பெண் எங்கே தவறினார்? கொடியைப் பார்த்தே சொல்லலாம். தோட்டக்காரரின் வெட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு. கொடி உறங்கும் காலத்தில் வெட்டுவார். தளிர் விட்டு நிற்கும்போது கை வைக்க மாட்டார். போன வருடக் கிளையை வெட்டுவார். தண்டைத் தொட மாட்டார். எதை வெட்டினாலும் இரண்டு கணுவாவது மிச்சம் வைப்பார். எந்தக் கணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்த பிறகே கத்தரியை அழுத்துவார். வெட்டிவிட்டு ஊரை விட்டுப் போக மாட்டார். மே மாதத்தில் பூ வரும்போதும் ஆகஸ்டில் பழம் நிறம் மாறும்போதும் அங்கேயே இருப்பார். இந்த அடையாளம் எதுவும் இல்லாத சேதங்களும் தோட்டத்தில் நடக்கின்றன. 2007 ஏப்ரலில் ஈஸ்டர் சமயத்தில் வந்த உறைபனி தென்கிழக்கு மாநிலங்களின் பழத்தோட்டங்களைச் சூறையாடியது. தளிரும் பூவும் கருகின. அதை எந்த விவசாயியும் கவாத்து என்று சொல்லவில்லை. நஷ்டம் என்றுதான் கணக்கில் எழுதினார்கள்.

ரோனோக் தீவின் தாய்க் கொடிக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2010-இல் மின்கம்பிப் பாதையைச் சுத்தம் செய்ய வந்த ஒப்பந்தத் தொழிலாளர் தெளித்த களைக்கொல்லி கொடியின் ஓரத்தில் பட்டது. இலைகள் பழுப்பாகிச் சுருண்டன; விஷம் உள்ளே பரவத் தொடங்கியது. வல்லுநர்களின் யோசனைப்படி பாதிக்கப்பட்ட கிளைகளை வெட்டி எடுத்தார்கள். கொடி பிழைத்தது. ஒரே கொடியில் இரண்டு வகைச் சேதம்: ஒன்று விபத்து, மற்றது அந்த விபத்திலிருந்து கொடியைக் காப்பாற்ற விழுந்த வெட்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் களைக்கொல்லி தெளித்த கையும் வைத்தியம் பார்த்த கையும் ஒன்றாகிவிடும்.

இதற்குக் கால்வினிய மரபில் வந்தவர்களிடம் ஒரு மறுப்பு உண்டு, அது பலமான மறுப்பும்கூட. உலகில் நடக்கும் எல்லாமே கடவுளின் கைக்கு உட்பட்டதுதானே, உறைபனியும் அவர் அனுப்பியதுதானே, அப்படியிருக்க எதை விபத்து என்று ஒதுக்குவது என்று கேட்பார்கள். கடவுளின் ஆளுகையை நம்புகிறவருக்கு இதைத் தள்ளுவது எளிதல்ல. ஆனால் எல்லாம் அவர் ஆளுகைக்குள் நடக்கிறது என்பது ஒரு கூற்று. இந்தக் குறிப்பிட்ட துன்பம் இன்ன கனிக்காக இவருக்கு அனுப்பப்பட்டது என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முதலாவதை நம்பிக்கை சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லக் கடவுளின் மனதைப் படித்திருக்க வேண்டும். பைபிளின் யோபு புத்தகத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் அவர் நண்பர்கள் செய்தது அந்த இரண்டாவதை. அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபிப்பது புலம்பிய யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களிடம். யோபுவோ நடுவில் செடி உவமையையே எதிர்த்து வாதாடுகிறார்: வெட்டிய மரம் தண்ணீரின் வாசனை பட்டால் மறுபடி துளிர்க்கும், மனிதன் செத்தால் அவ்வளவுதானே என்று கேட்கிறார். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவரின் வாதம் அது.

இயேசுவும் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? ஊழ்வினை பேசிப் பழகிய நமக்கு அந்நியமான கேள்வி அல்ல. இரண்டும் இல்லை என்றார் அவர். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. மற்ற எருசலேம்வாசிகளைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். மற்றவர்களை மனந்திரும்பச் சொல்லி எச்சரிக்கிறாரே தவிர, அந்த 18 சாவுக்கு ஒரு காரணமும் கற்பிக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே ஒரு தோட்டக் கதை தொடங்குகிறது. திராட்சைத் தோட்டத்தில் நிற்கும் அத்திமரம் மூன்று வருடமாகக் காய்க்கவில்லை. வெட்டிப்போடு என்கிறார் உரிமையாளர். தோட்டவேலைக்காரன் குறுக்கிடுகிறான்: இன்னும் ஒரு வருடம் விடுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். யோவான் 15-இல் கத்தியோடு வரும் தோட்டக்காரரைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் உண்டு. லூக்கா 13-இல் மண்வெட்டியோடும் எருவோடும் நிற்கிறவனுக்கு அவ்வளவு பேர் கிடைக்கவில்லை.

அப்படியானால் துன்பத்தால் பக்குவப்பட்டேன் என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. குடியால் எல்லாவற்றையும் இழந்து, அந்த இழப்பில் திருந்தியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு மற்றவர் பிள்ளைகளுக்காக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, அது கவாத்துதான் என்று சொன்னால் மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. பழைய ஏற்பாட்டின் யோசேப்பு அப்படிச் சொன்னவர். தன்னை அடிமையாக விற்ற சகோதரர்களிடம், நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக மாற்றினார் என்றார். வார்த்தையின் முதல் பாதியைக் கவனிக்க வேண்டும். தீமையைத் தீமை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். அதே வாசகத்தை அந்தச் சகோதரர்கள் அவரிடம் சொல்லியிருந்தால்? குழியில் தூக்கிப்போட்ட அன்றே, “கவலைப்படாதே தம்பி, இது உன் நன்மைக்கு” என்று மேலேயிருந்து குனிந்து சொல்லியிருந்தால்? சொல் அதேதான், அப்போது அது அயோக்கியத்தனம்.

யோவான் 15-க்கும் இதே விதி பொருந்துகிறது. அந்த உவமையைச் சொன்னவர் தன்னைத் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, செடி என்றார். மறுநாள் சிலுவையில் அறையப்படப்போகிறோம் என்று தெரிந்த இரவில், கூட இருந்து அதே கத்தியைச் சந்திக்கப்போகிற நண்பர்களிடம் சொன்னார். வெட்டுப்படுகிற இடத்தில் நின்று சொன்ன பேச்சு அது. பின்னால் வந்த பலர் அதை எடுத்து, கத்தி பிடித்த இடத்தில் நின்று சொல்கிறார்கள். உவமையில் பிழை இல்லை. சொல்கிறவர் நிற்கும் இடம் பிழை. துன்பம் கவாத்துதானா என்ற கேள்விக்கு, வெட்டுப்பட்டவரே காலம் கடந்து திரும்பிப் பார்த்துச் சொன்னால் ஆம். அடுத்தவர் அதை முன்கூட்டியே சொன்னால் இல்லை. இரண்டாவது வகைப் பேச்சைத் தேவதூஷணம் என்றுகூடச் சொல்லலாம். உறைபனிக்கும் களைக்கொல்லிக்கும் ஆள்விற்பனைக்கும் கடவுளின் கையெழுத்தைப் போட்டுக்கொடுக்கிற காரியம் அது.

தென்மாநிலங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சபையார் விளக்கம் கொண்டுபோவதற்கு முன்னால் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோகிறார்கள். லூக்கா 13-இன் தோட்டவேலைக்காரன் செய்ய நினைத்ததற்கு அது கிட்டத்தில் வருகிறது. யோவான் 15-ஐப் பிரசங்கிக்க விரும்புகிற போதகர்கள், கரோலினாவில் இருந்தாலும் கம்பத்தில் இருந்தாலும், அதைத் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வருகிறவர்களுக்குத் தாராளமாகப் பிரசங்கிக்கட்டும். அடக்க ஆராதனையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்திலும் மட்டும் வேண்டாம். அங்கே நோயாளி தானாகக் கேட்கும்வரை காரணத்தைப் பற்றிப் பேசாமல், மருந்து வாங்கிக் கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது, இரவில் துணைக்குப் படுப்பது என்று கைவேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.